டையோடு: ஃபார்வர்டு பயஸ், ரிவர்ஸ் பயஸ் – முதல் ரீடிங் எடுப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

டிப்ளமோவில் என் முதல் எலக்ட்ரானிக்ஸ் லேப். பிஎன் ஜங்ஷன் டையோடு, அதாவது மின்னோட்டத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் சின்ன உதிரிபாகம். சர்க்யூட்டை மாட்டி, பவர் சப்ளையைத் திருகினேன். மின்னோட்டம் காட்ட வேண்டிய மல்டிமீட்டரில் 0.00. ரிவர்ஸில் போட்டுவிட்டோம் போல என்று டையோடைத் திருப்பிப் போட்டேன். அப்போதும் 0.00. மறுபடி திருப்பினேன். இப்படியே ஒன்றே முக்கால் மணி நேரம் போனது. கடைசியில் லேப் அசிஸ்டெண்ட் வந்தார். மீட்டரின் பின்மூடியைக் கழற்றி, உள்ளேயிருந்த கண்ணாடி ஃபியூஸை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். உள்ளே கம்பி அறுந்திருந்தது. "டையோடு நல்லாத்தான் இருக்கு தம்பி. மீட்டருக்குள்ளதான் கரண்ட் போகல" என்றார்.

அன்று எனக்கு ரீடிங்குக்கான கையெழுத்து கிடைக்கவில்லை. டையோடு பாடம் கடினமானதல்ல. மீட்டர் எதை அளக்கிறது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பதுதான் நேரத்தைத் தின்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் செய்முறைக்கும், டிப்ளமோ, பி.இ. முதல் லேபுக்கும் போகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். வீட்டிலேயே செய்து பார்க்க நினைப்பவர்களுக்கும் இதே படிகள் போதும்.

1. எந்தக் கால் உயர்ந்த மின்னழுத்தத்தில் இருக்கிறது என்று பாருங்கள்

டையோடுக்கு இரண்டு கால்கள். பி பக்கம் ஆனோடு, என் பக்கம் கேத்தோடு. உடலில் ஒரு ஓரமாகக் கோடு போட்டிருக்கும். கோடு இருக்கும் பக்கம் கேத்தோடு. 1என்4007 கறுப்பு உடல், வெள்ளிக் கோடு. 1என்4148 சின்னக் கண்ணாடி உடல், கறுப்புக் கோடு.

ஆனோடு கேத்தோடை விட உயர்ந்த மின்னழுத்தத்தில் இருந்தால் ஃபார்வர்டு பயஸ். தாழ்ந்திருந்தால் ரிவர்ஸ் பயஸ். பாடப்புத்தகத்தில் முன்னோக்குச் சார்பு, பின்னோக்குச் சார்பு என்று படித்திருப்பீர்கள்.

"ஆனோடில் பிளஸ் கொடுத்தால் ஃபார்வர்டு" என்று மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் ஒரு கேள்வியில் மாட்டிக்கொள்வார்கள். ஆனோடில் 5 வோல்ட், கேத்தோடில் 12 வோல்ட் இருக்கிறது. இது என்ன பயஸ்? இரண்டும் பிளஸ்தான். ஆனாலும் ஆனோடு 7 வோல்ட் தாழ்ந்திருப்பதால் இது ரிவர்ஸ். ஆனோடில் மைனஸ் 5, கேத்தோடில் மைனஸ் 12 என்றால்? ஆனோடுதான் உயரத்தில் இருக்கிறது, எனவே ஃபார்வர்டு. வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், அடிக்கடி வரும் கேள்வி இது. இரண்டு கால்களுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தை மட்டும் பாருங்கள்.

உள்ளே நடப்பது சுருக்கமாக: சிலிக்கானில் போரான் கலந்த பக்கம் பி, அங்கே துளைகள், அதாவது எலக்ட்ரான் இல்லாத காலியிடங்கள், அதிகம். பாஸ்பரஸ் கலந்த பக்கம் என். அங்கே எலக்ட்ரான்கள் அதிகம். இரண்டும் சேரும் இடத்தில் எலக்ட்ரான்கள் பி பக்கம் வந்து துளைகளை நிரப்ப, நடுவே நகரும் மின்துகள்கள் இல்லாத ஒரு மெல்லிய பட்டை உண்டாகிறது. அதுதான் இயக்கமில்லாப் பகுதி. ஃபார்வர்டில் அந்தப் பட்டை ஒடுங்குகிறது, மின்னோட்டம் பாய வழி கிடைக்கிறது. ரிவர்ஸில் பட்டை அகலமாகிறது, வழி அடைபடுகிறது.

இங்கே ஒன்று. அந்தப் பட்டையில் ஒரு மின்னழுத்த அரண் இருக்கிறது என்று படித்துவிட்டு, மேசையில் சும்மா கிடக்கும் டையோடில் வோல்ட்மீட்டரை வைத்து 0.7 வோல்ட் வருமா என்று பார்ப்பவர்கள் உண்டு. வராது. கால்களின் உலோகம் சிலிக்கானைத் தொடும் இடங்களிலும் மின்னழுத்த வித்தியாசம் உண்டாகி, சுற்றில் மொத்தம் பூஜ்யமாகிவிடுகிறது. டையோடு பேட்டரி இல்லை.

2. என்னென்ன வாங்க வேண்டும், எவ்வளவு ஆகும்

லேபில் எல்லாம் கொடுப்பார்கள். ஆனாலும் ஒரு முறை வீட்டில் செய்துவிட்டுப் போனால் லேபில் கை நடுங்காது. நான் வாங்கியபோது கொடுத்த விலையைச் சொல்கிறேன். ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். 1என்4007 ஒன்று இரண்டு ரூபாய்க்குள். 1என்4148-ம் அப்படியே. கால் வாட் ரெசிஸ்டர் ஒரு ரூபாய். பிரெட்போர்டு (உதிரிபாகங்களைச் செருகி இணைக்கும் துளைப் பலகை) 80 முதல் 120. கம்பிகள் ஒரு கட்டு 50. 1 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர் (திருகி மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க உதவும் குமிழ்) 20. 9 வோல்ட் பேட்டரி, அதன் கிளிப்போடு 40. சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் 250. மொத்தம் ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். அதில் பாதி மீட்டருக்கே போகிறது. அது பல வருடங்கள் உழைக்கும்.

சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெரு இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் டிவி, ரேடியோ உதிரிபாகம் விற்கும் எந்தக் கடையிலும் கேட்கலாம். டையோடு ஒன்று மட்டும் வாங்காதீர்கள். பத்து வாங்குங்கள், இருபது ரூபாய்க்குள்தான். ஒன்று பழுதாகிவிட்டதா என்ற சந்தேகம் வந்தால் உடனே மாற்றிப் போட்டுப் பார்க்க அது உதவும். ரெசிஸ்டரில் 1 கிலோ ஓம், 1 சதவீதத் துல்லியம் உள்ளதாகக் கேளுங்கள். ஏன் என்று ஐந்தாவது படியில் தெரியும். 1 மெகா ஓம் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள்.

டேட்டாஷீட்டை, அதாவது தயாரிப்பாளர் தரும் விவரத்தாளை, மறக்காமல் இறக்கி வையுங்கள், இலவசம்தான். 1என்4007-க்கு அதில் நான்கு எண்கள் போதும்: சராசரி ஃபார்வர்டு மின்னோட்டம் 1 ஆம்பியர், தாங்கும் ரிவர்ஸ் மின்னழுத்தம் 1000 வோல்ட், 1 ஆம்பியர் பாயும்போது டையோடில் விழும் மின்னழுத்தம் அதிகபட்சம் 1.1 வோல்ட், 25 டிகிரியில் ரிவர்ஸ் கசிவு அதிகபட்சம் 5 மைக்ரோ ஆம்பியர். கடைசி எண்ணை நினைவில் வையுங்கள். அது "இதற்கு மேல் போகாது" என்ற உத்தரவாதம் மட்டுமே. உங்கள் கையில் இருக்கும் டையோடு அதில் சிறு பங்குதான் கசியவிடும்.

3. சர்க்யூட்டில் மாட்டும் முன் டையோடைச் சோதியுங்கள்

மீட்டரில் டையோடு படம் போட்ட இடத்துக்குத் திருப்பியைக் கொண்டுபோங்கள். சிவப்பு முனையை ஆனோடில், கறுப்பு முனையைக் கேத்தோடில் வையுங்கள். 500-லிருந்து 700-க்குள் ஒரு எண் வரும். அது மில்லி வோல்ட். மீட்டர் தானே சுமார் 1 மில்லி ஆம்பியரை உள்ளே அனுப்பி, விழும் மின்னழுத்தத்தைக் காட்டுகிறது. முனைகளை மாற்றி வைத்தால் இடது ஓரத்தில் தனியாக 1 என்றோ, ஓ.எல். என்றோ காட்டும். வழி இல்லை என்று பொருள்.

இரண்டு பக்கமும் எண் பூஜ்யத்தை ஒட்டி வந்தால் டையோடு ஷார்ட். இரண்டு பக்கமும் 1 என்றால் ஓப்பன். 200, 300 வந்தால் அது ஜெர்மானியமாகவோ ஷாட்கி டையோடாகவோ இருக்கலாம். பழுது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

முள் மீட்டர் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். பழைய முள் மீட்டர்களில் ஓம் அளவில் வைக்கும்போது, உள்ளிருக்கும் பேட்டரியின் பிளஸ் கறுப்பு முனையில் வரும். சிவப்பை ஆனோடில் வைத்தால் முள் அசையாது. மாற்றி வைத்தால் ஓடும். இது தெரியாமல் கோட்டைத் தவறாக அச்சிட்டுவிட்டார்கள் என்று முடிவு கட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். கோடு சரிதான்.

4. ரெசிஸ்டர் இல்லாமல் பேட்டரியைத் தொடாதீர்கள்

ஃபார்வர்டில் டையோடு 0.6, 0.7 வோல்ட்டைத் தாண்டியதும் மின்னோட்டம் கிடுகிடுவென ஏறும். அதைத் தடுத்து நிறுத்த டையோடுக்குள் எதுவும் இல்லை. எனவே வரிசையில் ஒரு ரெசிஸ்டர் கட்டாயம்.

கணக்கு எளிது. 9 வோல்ட் பேட்டரி, டையோடில் 0.7 போக மீதி 8.3. அதை 1 கிலோ ஓமால் வகுத்தால் 8.3 மில்லி ஆம்பியர். லேபில் 12 வோல்ட் வைத்தால் 11.3 மில்லி ஆம்பியர், ரெசிஸ்டரில் 0.13 வாட் வெப்பமாகும், கால் வாட் ரெசிஸ்டர் தாங்கும். 12 வோல்ட்டுக்கு 470 ஓம் போட்டால் 24 மில்லி ஆம்பியர், 0.27 வாட். கால் வாட்டைத் தாண்டிவிட்டது, தொட்டால் சுடும்.

வண்ணக் கோடுகளை நம்பி மட்டும் மாட்டாதீர்கள். நான்கு கோடு ரெசிஸ்டரில் பழுப்பு-கறுப்பு-சிவப்பு என்றால் 1 கிலோ ஓம், பழுப்பு-கறுப்பு-ஆரஞ்சு என்றால் 10 கிலோ ஓம். டியூப்லைட் வெளிச்சத்தில் சிவப்பும் ஆரஞ்சும் ஒன்றுபோலத் தெரியும். மீட்டரில் ஓம் வைத்து அளந்துவிட்டு மாட்டுங்கள், பத்து விநாடி வேலை.

5. ஃபார்வர்டு பயஸ்: இணைப்பும் ரீடிங்கும்

பொட்டென்ஷியோமீட்டரின் இரண்டு ஓரக் கால்களைப் பேட்டரியின் பிளஸ், மைனஸில் மாட்டுங்கள். நடுக் காலிலிருந்து 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், அதன் மறுமுனையில் டையோடின் ஆனோடு, கேத்தோடு பேட்டரியின் மைனஸுக்கு. குமிழைத் திருகினால் பூஜ்யத்திலிருந்து 9 வோல்ட் வரை கொடுக்கலாம்.

லேபில் 0–30 வோல்ட் பவர் சப்ளை இருக்கும். அதில் இரண்டு இடங்களில் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். கரண்ட் என்று எழுதிய குமிழ் பூஜ்யத்தில் இருந்தால் வோல்டேஜ் குமிழை எவ்வளவு திருகினாலும் டையோடுக்கு ஒன்றும் போகாது; சிவப்பு விளக்கு மட்டும் எரியும். அந்தக் குமிழைக் கால் பாகம் திருப்பி வைத்துவிட்டுத் தொடங்குங்கள். இரண்டாவது, பச்சை நிறத்தில் கிரவுண்டு என்று ஒரு துளை இருக்கும். அது மைனஸ் இல்லை. பெட்டியின் உடலோடு சேர்ந்தது. கறுப்புத் துளையில்தான் மாட்ட வேண்டும்.

பிரெட்போர்டிலும் ஒன்று. நீளமான பலகைகள் சிலவற்றில் ஓரத்துச் சிவப்பு, நீலக் கோடுகள் நடுவில் அறுந்திருக்கும். அச்சிட்ட கோட்டில் இடைவெளி தெரிந்தால் உள்ளே இணைப்பும் இல்லை; ஒரு சின்னக் கம்பியால் பாலம் போடுங்கள்.

இனி அளவெடுப்பு. வோல்ட்மீட்டரை டையோடின் இரண்டு கால்களிலேயே நேராக வைக்க வேண்டும். பவர் சப்ளையின் முகப்பில் தெரியும் எண்ணை அட்டவணையில் எழுதுவதுதான் நான் பார்த்ததிலேயே அதிகம் நடக்கும் தவறு. முகப்பில் 5 வோல்ட் காட்டும்போது டையோடில் 0.6 சொச்சம்தான் இருக்கும். மீதி முழுக்க ரெசிஸ்டரில் இருக்கிறது. முகப்பு எண்ணை வைத்து வரைந்தால் முழங்கால் வளைவுக்குப் பிறகு சாய்கோடுதான் வரும். அது ரெசிஸ்டரின் கோடு.

வோல்ட்மீட்டரை அம்மீட்டரையும் சேர்த்து வைத்தாலும் தவறு வரும். சிறிய மல்டிமீட்டர்கள் பலவற்றில் மின்னோட்டம் அளக்கும்போது முழு அளவில் 200 மில்லி வோல்ட் மீட்டருக்குள்ளேயே விழும். 20 மில்லி ஆம்பியர் அளவில் வைத்து 8 மில்லி ஆம்பியர் பாய்ந்தால் 80 மில்லி வோல்ட் மீட்டரில் போய்விடும். டையோடில் 0.66 இருக்க, நீங்கள் 0.74 என்று எழுதுவீர்கள். நடுவில் மீட்டரின் அளவை மாற்றினால் வளைவில் ஒரு படி விழும். எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் புரியாது.

நான் இப்போது அம்மீட்டரையே வைப்பதில்லை. 1 கிலோ ஓம் ரெசிஸ்டரின் இரண்டு முனையிலும் வோல்ட்மீட்டரை வைக்கிறேன். அங்கே 1 வோல்ட் என்றால் 1 மில்லி ஆம்பியர், 5.02 வோல்ட் என்றால் 5.02 மில்லி ஆம்பியர். பெருக்கல், வகுத்தல் எதுவும் வேண்டாம். அதற்குத்தான் 1 சதவீத ரெசிஸ்டர் வாங்கச் சொன்னேன். ஒரே மீட்டர் போதும், ஃபியூஸ் கவலையும் இல்லை. லேபில் அம்மீட்டர்தான் வைக்க வேண்டும் என்றால், தொடங்கும் முன் ஃபியூஸைச் சரிபாருங்கள்: பேட்டரி, 1 கிலோ ஓம், மீட்டர் மூன்றையும் வரிசையாக மாட்டினால் 9 மில்லி ஆம்பியர் காட்ட வேண்டும். பூஜ்யம் காட்டினால் ஃபியூஸ் போய்விட்டது. இந்த ஒரு நிமிடச் சோதனை அன்று எனக்குத் தெரிந்திருந்தால் அந்த ஒன்றே முக்கால் மணி நேரம் மிஞ்சியிருக்கும்.

ரீடிங்கை எந்த இடைவெளியில் எடுப்பது? 0.4 வோல்ட் வரை மின்னழுத்தத்தை 0.1 ஆக ஏற்றலாம். மின்னோட்டம் ஏறக்குறைய பூஜ்யம்தான். அதற்கு மேல் மின்னழுத்தத்தைப் பார்த்துத் திருகாதீர்கள், மின்னோட்டத்தைப் பார்த்துத் திருகுங்கள். 0.1, 0.5, 1, 2, 3, 5, 8 மில்லி ஆம்பியர் என்று நிறுத்தி, ஒவ்வொன்றிலும் டையோடின் மின்னழுத்தத்தை எழுதுங்கள். 1என்4007-ல் ஏறக்குறைய இப்படி வரும்: 0.1-க்கு 0.45 வோல்ட், 1-க்கு 0.56, 2-க்கு 0.59, 5-க்கு 0.64, 8-க்கு 0.66. உங்களுக்குச் சில பத்து மில்லி வோல்ட் கூடக் குறைய வந்தால் பயப்பட வேண்டாம். மின்னோட்டம் எண்பது மடங்கு ஏறியும் மின்னழுத்தம் 0.2 வோல்ட்தான் நகர்ந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். ஃபார்வர்டு பயஸ் என்றால் என்ன என்று எனக்கு முதன்முதலில் புரிந்தது இந்த ஒரு வரிசை எண்களைப் பார்த்துத்தான்.

ரீடிங் எடுக்கும்போது டையோடை விரலால் பிடிக்காதீர்கள். மின்னோட்டம் மாறாமல் இருந்தால், வெப்பம் ஒரு டிகிரி ஏறுவதற்குச் சுமார் 2 மில்லி வோல்ட் குறையும். இரு விரலால் பிடித்துக்கொண்டு மீட்டரைப் பாருங்கள். கடைசி இலக்கம் மெதுவாக இறங்கும், விட்டால் மெதுவாக ஏறும். வேண்டுமென்றே ஒரு தடவை செய்து பாருங்கள்.

6. ரிவர்ஸ் பயஸ்: மீட்டர் குடிக்கும் மின்னோட்டத்தை டையோடின் கணக்கில் எழுதாதீர்கள்

டையோடைத் திருப்பிப் போட்டுவிட்டால் ரிவர்ஸ். ஆனால் வோல்ட்மீட்டரை அதே இடத்தில் விட்டுவிட்டால் ரீடிங் எல்லாம் பொய்யாகும். சிலிக்கான் டையோடின் ரிவர்ஸ் கசிவு அறை வெப்பத்தில் நானோ ஆம்பியர் கணக்கில்தான் இருக்கும். மலிவான மல்டிமீட்டர்களின் உள்தடை 1 மெகா ஓம். அது 10 வோல்ட்டில் தானே 10 மைக்ரோ ஆம்பியரைக் குடிக்கும். டையோடோடு சேர்த்து வைத்தால் அம்மீட்டர் காட்டுவதெல்லாம் வோல்ட்மீட்டரின் மின்னோட்டம்தான்.

எனவே ரிவர்ஸில் வரிசையை மாற்ற வேண்டும். அம்மீட்டர் டையோடை ஒட்டி இருக்கட்டும். வோல்ட்மீட்டர் அம்மீட்டரையும் டையோடையும் சேர்த்து வெளியே இருக்கட்டும். ஃபார்வர்டில் இதையே தவறு என்று சொன்னேன், இங்கே இதுதான் சரி. அம்மீட்டரில் விழும் மில்லி வோல்ட்டுகள் 10 வோல்ட்டுக்கு முன்னால் பொருட்டே இல்லை. லேப் மேனுவல்களில் ஃபார்வர்டுக்கும் ரிவர்ஸுக்கும் படம் தனித்தனியாக இருப்பதற்கு இதுதான் காரணம்; பேட்டரியை மட்டும் திருப்பி வரைந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

உங்கள் அட்டவணையில் 2 வோல்ட்டுக்கு 2, 5-க்கு 5, 10-க்கு 10 மைக்ரோ ஆம்பியர் என்று நேர்கோடாக ஏறினால் சந்தேகப்படுங்கள். நல்ல டையோடு அப்படி ஏறாது. அது 1 மெகா ஓம் ரெசிஸ்டரின் கணக்கு, மீட்டரைத்தான் அளந்திருக்கிறீர்கள்.

சரியாக இணைத்தால் மைக்ரோ அம்மீட்டரில் பூஜ்யம்தான் தெரியும். பலர் இங்கே பயந்துபோய், சீனியர் ரெக்கார்டிலிருந்து எண்களை எடுத்து எழுதிவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பூஜ்யம் என்று எழுதி, பக்கத்தில் மீட்டரின் மிகச்சிறிய அளவையும் குறியுங்கள். அது நேர்மையான ரீடிங். யார் கேட்டாலும் விளக்கம் சொல்ல முடியும். கடன் வாங்கிய எண்ணுக்கு விளக்கம் சொல்ல முடியாது.

கசிவை உண்மையிலேயே பார்க்க ஒரு வழி இருக்கிறது. முதலில் மீட்டரின் உள்தடையைக் கண்டுபிடியுங்கள். 9 வோல்ட் பேட்டரி, 1 மெகா ஓம் ரெசிஸ்டர், 20 வோல்ட் அளவில் வைத்த மீட்டர் மூன்றையும் வரிசையாக மாட்டுங்கள். பாதி, அதாவது 4.5 வோல்ட் காட்டினால் மீட்டரின் உள்தடை 1 மெகா ஓம். 8.2 காட்டினால் 10 மெகா ஓம். அடுத்து ரெசிஸ்டரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் டையோடை ரிவர்ஸில் வையுங்கள்: பேட்டரி பிளஸ் கேத்தோடில், ஆனோடு மீட்டரின் சிவப்பு முனையில், கறுப்பு முனை பேட்டரி மைனஸில். 20 வோல்ட்டில் ஒன்றும் தெரியாது. படிப்படியாக 200 மில்லி வோல்ட் அளவுக்கு இறக்குங்கள். உள்தடை 1 மெகா ஓம் என்றால் காட்டும் ஒவ்வொரு மில்லி வோல்ட்டும் ஒரு நானோ ஆம்பியர். 10 மெகா ஓம் மீட்டரில் பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள்.

சூடான சால்டரிங் அயர்னைத் தொடாமல் டையோடுக்கு அருகே ஒரு நிமிடம் பிடியுங்கள். எண் ஏறத் தொடங்கும். ரிவர்ஸ் கசிவு ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று புத்தகத்தில் இருக்கும் வரி கண்முன் ஓடும்.

1என்4148-ஐ வைத்தால் இன்னொன்றும் பார்க்கலாம். அதன் உடல் கண்ணாடி. மேசை விளக்கை அதன் மேல் திருப்பினால் எண் ஏறும், கையால் மறைத்தால் இறங்கும். ஜங்ஷனில் விழும் ஒளி எலக்ட்ரான்–துளை ஜோடிகளை உண்டாக்குகிறது. ஒளி உணரும் ஃபோட்டோ டையோடு இதே அடிப்படையில்தான் வேலை செய்கிறது. இந்தக் கசிவை அளக்கும்போது டையோடை இருட்டில் வைக்க வேண்டும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

7. வளைவு வரைதல்

ஃபார்வர்டு முதல் கால்பகுதியில், ரிவர்ஸ் மூன்றாம் கால்பகுதியில். அளவுகோல் இரண்டுக்கும் வேறு வேறு என்பதை கிராஃபின் மேல் ஓரத்தில் தனித்தனியாக எழுதுங்கள். வலப்பக்கம் 1 செ.மீ.க்கு 0.1 வோல்ட், மேலே 1 செ.மீ.க்கு 1 மில்லி ஆம்பியர். இடப்பக்கம் 1 செ.மீ.க்கு 1 வோல்ட், கீழே மைக்ரோ அல்லது நானோ ஆம்பியர். இதை எழுத மறந்தால் வளைவு சரியாக இருந்தும் மதிப்பெண் போகும்.

வளைவு நேராக நிமிரும் பகுதியில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்து, அது கீழே கிடைக்கோட்டை வெட்டும் இடத்தைப் படித்தால் நீ (knee) வோல்டேஜ். வளைவு முழங்கால் மாதிரி மடங்குவதால் அந்தப் பெயர். சிலிக்கானுக்கு 0.6-ஐ ஒட்டியும், ஜெர்மானியத்துக்கு 0.2–0.3-லும் வரும். "0.7 வரவில்லையே" என்று புள்ளிகளை நகர்த்தாதீர்கள். அது எந்த மின்னோட்டத்தில் அளக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

ஃபார்வர்டு தடை இரண்டு வகை. 8 மில்லி ஆம்பியரில் 0.66 வோல்ட் என்றால் நிலைத் தடை 0.66-ஐ 0.008-ஆல் வகுக்க வரும் 82.5 ஓம். இயங்கு தடைக்கு இரண்டு புள்ளிகள் வேண்டும்: 5-லிருந்து 8-க்கு மின்னழுத்தம் 0.02 ஏறியது, மின்னோட்டம் 0.003 ஏறியது; விடை சுமார் 6.7 ஓம். கேள்வித்தாளில் எதைக் கேட்கிறார்கள் என்று பார்த்து எழுதுங்கள். மில்லியை மாற்ற மறந்து 0.02-ஐ 3-ஆல் வகுப்பது மிகவும் சாதாரணமாக நடக்கும் பிழை.

8. நோட்டுகளும் நேரமும்

லேபுக்குப் போகும்போது அப்சர்வேஷன் நோட்டில் நோக்கம், தேவையான கருவிகள், இரண்டு சர்க்யூட் படங்கள், வெற்று அட்டவணை இவை முன்கூட்டியே இருக்க வேண்டும். மூன்று மணி நேர லேபில் அங்கே உட்கார்ந்து படம் வரைந்தால் அரை மணி போய்விடும். ரீடிங்கைப் பேனாவால் எழுதுங்கள்; தவறினால் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதுங்கள். கிராஃபுக்குப் பென்சில்.

என் கணக்கு இது: உதிரிபாகச் சோதனைக்குக் கால் மணி, இணைப்புக்கு இருபது நிமிடம், ஃபார்வர்டுக்கு அரை மணி, ரிவர்ஸுக்கு இருபது நிமிடம், கிராஃபும் கணக்கும் முக்கால் மணி. சர்க்யூட்டைக் கழற்றும் முன் ரீடிங்கைக் காட்டிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். சந்தேகம் என்றால் அந்த இடத்திலேயே மறுபடி அளந்து காட்டலாம். ரெக்கார்டை அதே வாரம் முடித்துவிடுங்கள். செய்முறைத் தேர்வன்று முழுமையாகக் கையெழுத்தான ரெக்கார்டு கையில் வேண்டும்; கடைசி வாரத்தில் பத்துச் சோதனைக்குச் சேர்த்துக் கையெழுத்து வாங்குவது எல்லோருக்கும் கஷ்டம்.

9. பிரேக்டவுன் பார்க்க வேண்டுமானால் ஜீனரில் பாருங்கள்

ரிவர்ஸில் மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனால் ஓரிடத்தில் டையோடு திடீரென்று கடத்தும், அதுதான் பிரேக்டவுன் என்று படித்திருப்பீர்கள். 1என்4007-ல் அதைப் பார்க்க 1000 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். முயலவே கூடாது. வீட்டு 230 வோல்ட் மின்சாரத்தை நேராகக் கொடுத்துப் பார்க்கவும் கூடாது. அதன் உச்சம் 325 வோல்ட், ஆளைக் கொல்லப் போதுமானது.

ஜீனர் என்பது பிரேக்டவுனிலேயே வேலை செய்வதற்காகச் செய்த டையோடு. 5.1 வோல்ட் ஜீனர், 1என்4733ஏ, சில ரூபாய்க்குக் கிடைக்கும். அதே 9 வோல்ட் பேட்டரி, அதே 1 கிலோ ஓம். கோடு உள்ள பக்கம், அதாவது கேத்தோடு, பிளஸை நோக்கி. குமிழைத் திருகத் திருக ஜீனரில் மின்னழுத்தம் கூடவே ஏறி, 5 வோல்ட்டை நெருங்கும்போது தயங்கி நிற்கும். அதன் பிறகு ஏறுவதெல்லாம் ரெசிஸ்டரில் மட்டும் ஏறும். இந்தச் சின்ன மின்னோட்டத்தில் 5.1-க்குச் சற்றுக் கீழேயே நிற்கலாம். அந்த எண் 49 மில்லி ஆம்பியரில் அளந்து கொடுத்தது. திருப்பிப் போட்டால் சாதாரண டையோடு மாதிரி 0.7-ஐ ஒட்டி நிற்கும். உடலை மட்டும் பார்த்து 1என்4148-ஐயும் ஜீனரையும் பிரிக்காதீர்கள், இரண்டும் கண்ணாடிதான். மேலே பொடியாக அச்சிட்ட எண்ணைப் பெரிதாக்கிப் படித்து, தனித்தனிக் கவரில் பெயர் எழுதி வையுங்கள்.

ரிலே, அதாவது கம்பிச்சுருளின் (காயில்) காந்தத்தால் இயங்கும் சுவிட்ச், வைத்து போர்டு கட்டப்போகிறவர்களுக்கு இன்னொன்று. காயிலுக்குக் குறுக்கே வைக்கும் டையோடு, ரிலே ஓடும்போது ரிவர்ஸில் இருக்க வேண்டும். கோடு பிளஸ் 12 வோல்ட் பக்கம். காயிலை அணைக்கும் நொடியில் அது தலைகீழாக எழுப்பும் மின்னழுத்தத்துக்கு மட்டும் அது ஃபார்வர்டாகி வழிவிடும். திருப்பிப் போட்டால் ரிலே இழுக்காது. மின்னோட்டம் முழுக்க டையோடு வழியாகப் பாய்ந்து, ஓட்டும் டிரான்சிஸ்டர் எரியும். மின்சாரம் கொடுக்கும் முன் கோடு எந்தப் பக்கம் என்று விரல் வைத்துப் பாருங்கள்.

வேலை முடிந்ததும் பேட்டரி கிளிப்பைக் கழற்றிவிடுங்கள். 1 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர் எப்போதும் 9 மில்லி ஆம்பியரை இழுத்துக்கொண்டே இருக்கும். மீட்டரின் திருப்பியை மின்னோட்ட அளவில் விட்டுவிடாமல் ஆஃப்-க்குக் கொண்டுபோய் வையுங்கள். அடுத்து எடுப்பவர் அதே மீட்டரைப் பேட்டரியின் இரண்டு முனையிலும் நேராக வைத்தால் ஃபியூஸ் அந்த இடத்திலேயே போய்விடும்.